ஜி.ஆர். 86-க்கு ஒரு வின்ரர் ரயர்

மொன்றியல்,
ஒக்டோபர் நடுப்பகுதி

அன்புள்ள மச்சான்,

உன் கடிதமும் கார்ப் படங்களும் கிடைத்தன. ஐம்பது தாண்டிய வயதில் சிவப்பு நிற ஜி.ஆர். 86, அதுவும் ரொயோட்டாவின் ஸ்போர்ட்ஸ் கார்! வீட்டில் என்ன சொன்னார்கள் என்று நீ ஒரு வரிகூட எழுதாததிலிருந்தே எல்லாம் விளங்கிவிட்டது. வேலை மாற்றம் உறுதியாகி நவம்பரில் இங்கே வருகிறாய் என்பது அதைவிடப் பெரிய செய்தி. இத்தனை வருடம் ஸ்காபரோவில் இருந்துகொண்டு மொன்றியலை நக்கலடித்தாய் அல்லவா, இனி இருந்து பிரெஞ்சு படி.

இங்கே எல்லோரும் சுகம். மூத்தவள் படிப்பை முடித்து ஒட்டாவாவில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். அம்மாவுக்கு முழங்கால் வலி குளிரோடு சேர்ந்து கூடியிருக்கிறது, வாய்க்கு மட்டும் ஒரு குறைவும் இல்லை. நீ வருகிறாய் என்று கேள்விப்பட்டதிலிருந்து ஒடியல் கூழுக்குத் திட்டம் போடுகிறா.

சரி, ரயர் விஷயம். பின்சில்லு இழுக்கிற காரை ஸ்னோவில் ஓடலாமா, அல்லது மூடி வைத்துவிட்டு ஒரு பழைய கொரோலா வாங்குவதா என்று கேட்டிருக்கிறாய். தாராளமாக ஓடலாம். ஆனால் அதோடு வந்த ரயரில் ஓட நினைக்காதே. உன்னுடைய 18 அங்குல ரிம்மில் இருப்பது மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 4, சுத்தமான கோடை ரயர். வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே இறங்க இறங்க அந்த ரப்பர் விறைக்கும். ஸ்னோ விழாத காய்ந்த வீதியில்கூடப் பிடி குறையும். மைனஸ் 7-க்குக் கீழே போனால் ரப்பரில் வெடிப்பு விழலாம் என்று தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள். கழற்றிய பிறகும் வெளியே போட்டு வைக்காதே, வீட்டுக்குள் நிலவறையில் வை.

நீ இப்போது இருக்கும் ஒன்ராறியோவில் வின்ரர் ரயர் உன் விருப்பம். போட்டால் காப்புறுதியில் கொஞ்சம் கழிவு கிடைக்கும், அவ்வளவுதான். இங்கே சட்டம். கியூபெக் இலக்கத்தகடு ஏறிவிட்டால் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கட்டாயம், மீறினால் 200 முதல் 300 டொலர் வரை தண்டம். ரயரின் பக்கவாட்டில் மூன்று சிகர மலையும் அதற்குள் பனித்துகளும் வரைந்த முத்திரை இருக்க வேண்டும். எம் பிளஸ் எஸ் (சேறும் ஸ்னோவும்) என்று மட்டும் எழுதியிருப்பது 2014 டிசம்பரிலிருந்து செல்லாது. ஆணி பதித்த ரயருக்கும் அனுமதி உண்டு, ஒக்டோபர் 15 முதல் மே 1 வரை. உனக்கு அது வேண்டாம். காய்ந்த வீதியில் காது போய்விடும்.

முத்திரை இருந்தால் போதும் என்றும் நினைத்துவிடாதே. இங்கே அதற்கு நடத்துகிற சோதனை, இறுகிய ஸ்னோவில் ரயர் எவ்வளவு இழுக்கிறது என்பதை மட்டும்தான் பார்க்கிறது. ஐஸில் பிரேக் பிடித்தால் என்ன ஆகும் என்று அது சொல்லாது. முத்திரை உள்ள ரயரிலேயே இரண்டு சாதி இருக்கிறது, எதை வாங்குவது என்பதற்கு விடையும் அங்கேதான்.

ஒன்று மிஷெலின் பைலட் அல்பின், பிரெல்லி சொத்தோசெரோ போன்றவை. ஜெர்மனி மாதிரி நாடுகளுக்காகச் செய்தவை. அங்கே பெரும்பாலும் வழித்துத் துப்புரவாக்கிய, குளிர்ந்த, ஈரமான வீதி, வேகம் அதிகம். ஸ்ரியரிங்கைத் திருப்பியதும் கார் திரும்பும், வளைவில் குழையாது. ஸ்போர்ட்ஸ் கார் என்று சொன்னால் கடைக்காரர் முதலில் இதைத்தான் எடுத்து வைப்பார். மற்றது மிஷெலின் எக்ஸ்-ஐஸ், பிரிட்ஜ்ஸ்டோன் பிளிசாக், நோக்கியன் ஹக்கப்பெலித்தா வகை. மிருதுவான ரப்பர், அதில் கத்தியால் கீறியது போல நூற்றுக்கணக்கான மெல்லிய வெட்டுகள். (நம் காலத்து நோக்கியா போனும் இந்த ரயரும் ஒரு காலத்தில் ஒரே ஃபின்லாந்து நிறுவனத்துப் பிள்ளைகள். 1930-களிலேயே அவர்கள் ஸ்னோவுக்கென்று ரயர் செய்யத் தொடங்கிவிட்டார்கள்.)

என்னைக் கேட்டால், இரண்டாவதை வாங்கு. மொன்றியலில் மைனஸ் 20 பெரிய பிரச்சினையே இல்லை, ஐஸ் அப்போது நன்றாக இறுகிக் காய்ந்திருக்கும். பூச்சியத்தை ஒட்டிய நாட்கள்தான் ஆபத்து. பகலில் உருகி இரவில் உறைந்து, ஐஸின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் நிற்கும். அந்தப் படலத்தை விலக்கினால்தான் ரப்பர் ஐஸைத் தொடும். பிளிசாக்கின் ரப்பரில் நுண்ணிய துளைகள் வைத்திருப்பது அந்த நீரை உறிஞ்சத்தான். இங்கே கோத்-தே-நேஜ் வீதி ஏற்றத்தில் சிவப்பு விளக்குக்கு நின்று திரும்ப எடுக்கும்போது உனக்கு வேண்டியது இதுதான். காய்ந்த ஓட்டோரூட்டில், அதாவது நெடுஞ்சாலையில், கார் கொஞ்சம் மெத்தென்று அசையும், எரிச்சல் வரும். ஆனால் வேக எல்லை 100 என்று பலகை வைத்த வீதியில் 240-க்குத் தகுதியான ரயரை வைத்து என்ன செய்யப் போகிறாய்?

அளவையும் மாற்று. 18 அங்குலத்தை விட்டு 16-க்கு இறங்கு, 205/55 ஆர் 16 (அகலம் மில்லிமீற்றரில், அதில் பக்கச்சுவர் எத்தனை வீதம், ரிம் அங்குலத்தில்). மொத்த விட்டம் இப்போது இருக்கும் 215/40 ஆர் 18-ஐவிட மூன்று மில்லிமீற்றர்தான் கூட, வேகமானி பிசகாது. ஜப்பானில் இதே காரின் ஆர்.சி. வகையை 16 அங்குல இரும்பு ரிம்மோடுதான் விற்கிறார்கள். பெரிய பிரேக் கட்டியிருந்தால் மட்டும் உள்ளே இடிக்கும், பார்த்துக்கொள். ஒடுங்கிய ரயர் புதிய ஸ்னோவைத் தள்ளிக்கொண்டு போகாமல் வெட்டி அடித்தளத்தைத் தொடும். பக்கச்சுவர் உயரம் என்பதால் மார்ச் மாதத்துப் பள்ளங்களில் ரிம்மும் தப்பும். விலையும் குறைவு.

கட்டாயம் நான்கும் போடு. அக்காவின் மகனுக்கு ஒரு கடையில் "பின்சில்லு இழுக்கிற கார்தானே, பின்னுக்கு இரண்டு போதும்" என்று சொல்லி விற்றுவிட்டார்கள். கார் நன்றாகத்தான் புறப்பட்டது. திரும்பவும் நிற்கவும் முன்சில்லு வேண்டுமே! பெடியன் நடைபாதைக் கல்லில் போய் ஏறினான். நல்லவேளை, அங்கே ஆள் யாரும் இல்லை.

அப்புறம், காற்று. குளிர் ஐந்தாறு பாகை இறங்கினால் ரயரின் காற்றழுத்தம் ஏறக்குறைய ஒரு பி.எஸ்.ஐ. குறையும், ஆகவே காலையில் ஓடுவதற்கு முன் பார். ஸ்னோவில் புதைந்தால், சில்லு சும்மா சுழலாமல் தடுக்கிற இழுவைக் கட்டுப்பாட்டை நிறுத்திவிட்டு இரண்டாம் கியரில் மெல்ல எடு. கார் தரையிலிருந்து 13 சென்ரிமீற்றர்தான் உயரம் என்பதை மறக்காதே. ஒரே இரவில் 25 சென்ரிமீற்றர் விழுந்தால் எந்த ரயரும் உதவாது. அன்றைக்கு மெட்ரோவில் போ. ஆசை தீர வழுக்கிப் பார்க்க வேண்டுமென்றால் லனோதியேரில் மெகாகிளிஸ் என்றொரு இடம் இருக்கிறது, ஐஸ் ஓடுபாதையில் கார் ஓடப் பழக்குகிறார்கள். ஜனவரியில் நானும் வருகிறேன், வீட்டில் சொல்லிவிடாதே.

நவம்பர் கடைசியில் இங்கே ரயர் கடைகளில் நிற்க இடம் இருக்காது. இப்போதே 5-க்கு 100 போல்ட் அளவில் (100 மில்லிமீற்றர் வட்டத்தில் ஐந்து போல்ட்) ரிம் தேடத் தொடங்கு. ரயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்கத்தையும் பார்: முதல் இரண்டும் தயாரித்த வாரம், மற்ற இரண்டும் ஆண்டு. பழையதைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். நல்ல விலை வந்தால் எனக்குச் சொல், எங்கள் வீட்டு விலாசத்துக்கே அனுப்பச் சொல்லலாம், நான் இறக்கி வைக்கிறேன். தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மச்சான்