குச்சு வீட்டைத் தேவதை வீடாக்கியவர்களுக்கு நன்றி

கோத்தகிரியில் எங்கள் மகளின் மஞ்சள் நீராட்டு விழாவுக்குக் கைகொடுத்த சொந்தபந்தங்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் வணக்கம்.

மண்டபம் முழுக்கத் தேவதை உலகமாக இருக்க வேண்டும் என்று பாப்பா ஆசைப்பட்டபோது, சடங்குக்கும் இறக்கைக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்டார்கள். "தாய்மாமன் குச்சு கட்டணும், தண்ணி ஊத்தணும். மத்ததெல்லாம் பிள்ளை ஆசைப்படியே இருக்கட்டும்" என்று வழிவிட்ட என் அத்தைக்குத்தான் முதல் நன்றி. அந்தப் பேச்சிலிருந்துதான் யோசனையே பிறந்தது. மேடையில் தனியாக ஒரு தேவதை வீடு எதற்கு? குச்சையே தேவதை வீடாக்கிவிடலாமே!

என் தம்பி பச்சைத் தென்னை ஓலையை மேட்டுப்பாளையத்திலிருந்து வண்டியில் ஏற்றி வந்தான். இந்தக் குளிரில் தென்னைக்கு நாம் எங்கே போவது? வளைந்த கூரைக்கும் வாசல் வளைவுக்கும் உண்ணிச்செடிக் குச்சி. அதில் நாற்காலி செய்யும் அண்ணன், குச்சிகளை வேகவைத்துத் தோலுரித்து, சூடு ஆறுவதற்குள் வளைத்துக் கட்டினார். காட்டை நெருக்கும் களைச்செடி அது; வெட்டியதில் யாருக்கும் வருத்தமில்லை. தெர்மாகோலும் பிளாஸ்டிக் பூவும் இல்லாமலே மேடை நிறைந்தது. நீலகிரியில் வாழ்கிற நமக்கு அதுதான் முறை என்று நினைக்கிறேன்.

பூ கொடுத்த பசுமைக்குடில் மாமாவை எப்படி மறப்பேன்! பகல் வெயிலும் ராத்திரிக் குளிரும் மாறி மாறி அடித்தால் கார்னேஷன் மொட்டின் பச்சை உறை ஒரு பக்கம் வெடித்துவிடும். இதழ் சரிந்த அந்தப் பூவுக்கு மார்க்கெட்டில் விலை கிடையாது. அவற்றைக் கூடை கூடையாக அனுப்பிவைத்தார். ஓலை நடுவே செருகியதும், அந்தச் சரிந்த இதழ்களே கூரையிலிருந்து வழிவது போல அவ்வளவு அழகு!

காகிதப் பட்டாம்பூச்சிகள் ராத்திரிப் பனிமூட்டத்தின் ஈரத்தில் சுருண்டுபோயின. விடியற்காலையில் தகவல் சொன்னதும், தையல் கடை அக்கா மிச்சமிருந்த நெட் துணியைக் கம்பியில் இழுத்துக் கட்டி, புதுப் பட்டாம்பூச்சிகள் செய்துகொண்டு வந்து நின்றார். பணம் கொடுத்தேன், வாங்கவே இல்லை. சீரியல் பல்பு மாட்டிய பையன்கள், கரண்ட் போனதும் ஜெனரேட்டரோடு ஓடிவந்த சித்தப்பா, எல்லோருக்கும் நன்றி.

அப்புறம், எங்கள் தெருக் குழந்தைகள். தேயிலைத் தோட்டத்து ஓரம் வளரும் வெள்ளிப் பெரணியைப் பறித்து வந்து, வந்தவர்கள் கையிலெல்லாம் அழுத்தி வெள்ளை அச்சு பதித்தார்கள். இலையின் அடிப்பக்கத்து மாவு அப்படியே தோலில் ஒட்டிக்கொள்ளும். இதை யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. சீர்த்தட்டு ஏந்தி வந்த பாட்டிமார்கள்கூட வரிசையில் நின்று கையை நீட்டினார்கள். பாப்பா தன் இரண்டு கைகளையும் எல்லோரிடமும் காட்டிக்கொண்டே இருந்தாள்.

தம்பி, நீ போட்ட மாலையும் கொண்டுவந்த சீரும் பெரிதுதான். ஆனால் ஓலை முடைகிறபோது அவளையும் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு கீற்று முடையச் சொன்னாயே, அதைத்தான் அவள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

உண்ணிக்குச்சி வளைவும் நெட் துணியும் பல்புச் சரங்களும் பத்திரமாக எங்கள் வீட்டில் இருக்கின்றன. உங்கள் வீட்டு விசேஷத்துக்கு வேண்டுமென்றால் ஒரு வார்த்தை சொல்லுங்கள். நாங்களே கொண்டுவந்து கட்டித் தருகிறோம்.

அன்புடன்,
பாப்பாவின் அம்மா, அப்பா