செல்விக்கு, சுவர் விஷயமாக

அன்புள்ள செல்விக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். பின்வீட்டு மாடு கன்று போட்டிருக்கிறது. சீம்பால் கொடுத்தார்கள், உன் நினைப்பு வந்தது. போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன். நீ போன் பண்ணியும் பன்னிரண்டு நாளாகிறது. வேலை இருக்கும், குறை சொல்லவில்லை.

பேரன் சுவரில் கிறுக்குகிற விஷயம்தான். அன்று வீடியோவில் சோபாவுக்குப் பின்னால் நீலமாகச் சுற்றிச் சுற்றி இருந்ததைப் பார்த்தேன். நீ போனைத் திருப்பிவிட்டாய். வாடகை வீடு, அட்வான்ஸில் பிடிப்பார்கள் என்கிறாய். காலி பண்ணும்போது பெயிண்டிங்குக்கென்று ஒரு மாத வாடகையை எப்படியும் பிடிக்கத்தான் போகிறார்கள். அவன் கிறுக்காமல் இருந்தால் மட்டும் விட்டுவிடுவார்களா?

எதிர்வீட்டு பால்வாடி டீச்சரிடம் கேட்டேன். இரண்டரை வயதில் விரல் பிடிமானம் சரியாக வராதாம், தோளிலிருந்து கையை வீசித்தான் வரையுமாம். அந்த வீச்சு நோட்டில் எங்கே அடங்கும்? அவன் உயரத்துக்கு, தரையிலிருந்து மூன்றடி வரை சார்ட் பேப்பர் ஒட்டிவிடு. பெயிண்டர்கள் ஓரத்துக்கு ஒட்டுவார்களே, அந்தக் காகித டேப்பால் ஒட்டு. செல்லோ டேப் வேண்டாம், உரிக்கும்போது டிஸ்டெம்பரும் சேர்ந்து வரும். கிரேயான் தடியாக வாங்கு. ஸ்கெட்ச் பேனா மட்டும் கொடுக்காதே. இப்போது இருப்பதை ஈரத்துணியில் சோடா மாவு தொட்டு லேசாகத் துடைத்துப் பார். அழுத்தித் தேய்த்தால் அந்த இடம் மட்டும் பளபளவென்று தனியாகத் தெரியும், கிறுக்கலே தேவலாம் என்றாகிவிடும்.

கையில் மட்டும் அடிக்காதே.

மே மாதம் இங்கே வந்திருந்தபோது என் ஷேவிங் பிரஷ்ஷையும் ஒரு சொம்புத் தண்ணீரையும் கொடுத்து மொட்டைமாடியில் விட்டேன். சாயங்காலம், தளத்தில் சூடு இன்னும் இறங்கவில்லை. ஒரு கோட்டை இழுத்து யானை என்றான். அடுத்ததை இழுப்பதற்குள் முதல் கோடு காய்ந்துவிட்டது. "தாத்தா, யானை போச்சு" என்று சொல்லிவிட்டு அடுத்த யானைக்குப் போனான். ஒரு சொம்பில் முப்பது யானையாவது இருக்கும். உங்கள் பால்கனியிலும் வெயில் வருமே?

நீ வீட்டை வைத்திருக்கும் அழகை அம்மா ஊரெல்லாம் சொல்கிறாள். எனக்கும் பெருமைதான். ஆனால் அன்று நீ கூப்பிட்ட குரலுக்கு அவன் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டான். அந்த மாதிரிக் கையை நான் முன்பும் பார்த்திருக்கிறேன்.

நீ மறந்திருக்கலாம். 1996 பொங்கலுக்கு வெள்ளையடித்து இரண்டாம் நாள். அடுப்புக் கரியால் திண்ணையிலிருந்து நடை வரைக்கும் தேர் வரைந்திருந்தாய். சக்கரம் மட்டும் பதினொன்று. நான் மர ஸ்கேலை எடுத்தேன். ஈரத்துணியைக் கொடுத்து உன்னையே துடைக்கவும் வைத்தேன். கரி பரவிச் சுவரே கறுத்துப்போனது, அதற்கும் ஒரு அடி. அப்புறமும் நீ வரைந்தாய், நோட்டின் கடைசிப் பக்கங்களில். எனக்குக் காட்டியதில்லை. டிராயிங் நோட்டில் கையெழுத்து வாங்கக்கூட அம்மாவிடம்தான் போவாய். நான் கவனித்தேன், ஆனால் ஒரு நாளும் ஏன் என்று கேட்கவில்லை. அந்தச் சுண்ணாம்பு என்ன விலை இருந்திருக்கும்?

கூரியரில் ஒரு சிலேட்டும் சாக்பீஸ் பெட்டியும் பின்பக்கம் வெள்ளையாக இருக்கும் காலண்டர் தாள் ஒரு கட்டும் அனுப்பியிருக்கிறேன். சிலேட்டுக் குச்சி வைக்கவில்லை, தின்றுவிடுவான். நீ தின்றாய். சுவரைத் துடைப்பதற்கு முன்னால் ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. அவனைக் கையில் அடிக்காதே. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். காலையில் பத்து மணி வரை போன் என் பக்கத்தில்தான் இருக்கும்.

அன்புடன்,
அப்பா