பழைய ஸ்போர்ட்ஸ் காரின் ரேடியோ சாக்கெட்டை வெட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தீபாவளி நெருங்கினால் கோலாலம்பூரின் கார் எக்சசரி கடைகளில் நிற்க இடமிருக்காது. பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கும் நம் இளைஞர்கள் பலரும் அப்போதுதான் காரோடு வந்த ரேடியோவைக் கழற்றிவிட்டுப் புதியது போடுகிறார்கள். தாராளமாகப் போடட்டும். ஆனால் ரேடியோவுக்குப் பின்னால் இருக்கும் சாக்கெட்டைக் கத்தரித்து, வயர்களைத் தோலுரித்து முறுக்கி, கறுப்பு டேப் சுற்றி உள்ளே தள்ளிவிடும் வழக்கம் நிற்க வேண்டும். பிறகு வரும் தொல்லைகள் பெரும்பாலும் அந்த ஒரு வெட்டிலிருந்துதான் தொடங்குகின்றன.

ஜப்பானிலிருந்து வந்த கார்களில் ரேடியோவை மாற்ற நியாயமான காரணம் உண்டு. எம்ஆர்2, ஆர்எக்ஸ்-7, சில்வியா போன்ற 1990களின் கார்களில் அங்கே பொருத்திய ரேடியோ 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான் பிடிக்கும். நம் நாட்டு எஃப்எம் 87.5 முதல் 108 வரை. தலைநகரில் தமிழ் நிலையங்களான மின்னல் 96.3, ராகா 99.3, இரண்டுமே அந்த ரேடியோவுக்கு எட்டாது. ஆன்டெனா வயரின் நடுவே 20 மெகாஹெர்ட்ஸ் இறக்கிக் கொடுக்கும் பேண்ட் எக்ஸ்பேண்டரை மாட்டினால் மின்னல் 76.3இல் கேட்கும். அதற்கு விலையாக 96க்குக் கீழே உள்ள நிலையங்களில் பெரும்பாலானவை கைவிட்டுப் போகும், இரைச்சலும் கூடும். இத்தனை ஆண்டில் அந்த ரேடியோவின் கேசட் பெல்ட்டும் இளகிப் பிசினாகியிருக்கும், கெப்பாசிட்டர்களும் கசியத் தொடங்கியிருக்கும்.

இனி வயர் நிறத்துக்கு வருவோம். கடையில் வாங்கும் புதிய ரேடியோவில் மஞ்சள் வயர் நிரந்தர 12 வோல்ட், சிவப்பு சாவியைத் திருப்பினால் வரும் மின்சாரம், கறுப்பு எர்த். டொயோட்டாவின் பழைய வயரிங்கில் நிரந்தர மின்சாரம் நீலத்தில் மஞ்சள் கோடு, சாவி மின்சாரம் சாம்பல், எர்த் பழுப்பு. அதே சாக்கெட்டுகளில் மஞ்சளும் சிவப்பும் கறுப்பும்கூட இருக்கின்றன. அவை மூன்றும் பின்பக்க ஸ்பீக்கர் வயர்கள்! சாக்கெட்டை வெட்டியபின் நிறத்துக்கு நிறம் சேர்த்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. வெட்டாமல் இருந்தால் இந்தத் தவறுக்கு வழியே இல்லை.

டொயோட்டாவுக்கு 10 பின், 6 பின் என இரண்டு சாக்கெட்டுகள். நிசான், மாஸ்டா, ஹோண்டா, மிட்சுபிஷி என ஒவ்வொன்றுக்கும் வேறு வடிவம். காரின் சாக்கெட்டில் அப்படியே பொருந்தும் மாற்று வயரிங்கைப் புடுவில் உள்ள ஜாலான் பாசார் கடைகளில் கேட்டு வாங்கலாம். குடும்பத்தோடு ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக்கு ஆகும் செலவுகூட ஆகாது. அதையும் ரேடியோவின் வயரையும் வீட்டு மேசையில் வைத்தே ஈயம் வைத்துப் பற்றவைத்து, சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு மூடுங்கள். கறுப்பு டேப் வேண்டாம். வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டுக்குள் அதன் பசை உருகி வழிந்து டேப் கழன்றுவிடும். மஞ்சள் வயரில் ரேடியோவோடு வந்த 10 அல்லது 15 ஆம்பியர் ஃபியூஸை நீக்கவே கூடாது.

மாட்டுவதற்கு முன் ஸ்பீக்கர்களை அளக்க வேண்டும். மல்டிமீட்டரில் 4 ஓம் ஸ்பீக்கர் 3க்கும் 4க்கும் இடையில் காட்டும். அடுத்து, ஒவ்வொரு ஸ்பீக்கர் வயருக்கும் காரின் பாடிக்கும் இடையே தொடர்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருக்கவே கூடாது. 1970களின் கார்கள் சிலவற்றில் ஸ்பீக்கரின் மைனஸ் முனை பாடியிலேயே எர்த் செய்யப்பட்டிருக்கும். இன்றைய ரேடியோவில் பிளஸ், மைனஸ் இரண்டு முனையிலும் ஏறத்தாழ 6 வோல்ட் நிற்கிறது. அதைப் பாடியில் தொட விட்டால் உள்ளே இருக்கும் ஆம்ப்ளிஃபையர் சிப் எரிந்துபோகும். அத்தகைய காரில் ஸ்பீக்கருக்குப் புதிதாக இரண்டு வயர் இழுப்பதே வழி. ஸ்பீக்கர் மூடியில் போஸ் (Bose) என்ற கம்பெனிப் பெயர் பொறித்திருந்தால் இன்னும் கவனம் தேவை. அந்த ஏற்பாட்டில் ரேடியோவுக்கு வெளியே தனி ஆம்ப்ளிஃபையர் உண்டு, ஸ்பீக்கரின் ஓம் அளவும் குறைவு. ரேடியோவின் ஸ்பீக்கர் வயரை அதில் நேரே கொடுத்தால் சத்தம் சிதறும். ரேடியோவின் பின்னால் ஆம்ப்ளிஃபையருக்கென்றே உள்ள ஆர்சிஏ முனை வழியாகக் கொடுங்கள், இல்லையேல் ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

ரேடியோ போட்டபின் எஃப்எம் வெறும் இரைச்சலாக இருந்தால் புதிய ரேடியோவின் நீல வயரைப் பாருங்கள். கண்ணாடியில் பதித்த ஆன்டெனாவுக்குச் சிறு பூஸ்டர் உண்டு. அதற்கு 12 வோல்ட் தருவது அந்த வயர்தான். மேலெழும் மோட்டார் ஆன்டெனா என்றால் நீல வயரை மோட்டாருக்கு நேரே கொடுக்காமல் இடையில் ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) வைக்க வேண்டும். அந்த வயர் அரை ஆம்பியருக்கு மேல் தாங்காது.

கழற்றும் வேலை பொறுமைக்குரியது. முதலில் 10 மில்லிமீட்டர் ஸ்பானரால் பேட்டரியின் மைனஸைக் கழற்றுங்கள். ஏர்பேக் உள்ள காரில் சில நிமிடம் காத்திருந்து தொடங்குங்கள். ஏர்பேக்கின் மஞ்சள் உறை போட்ட சாக்கெட்டுகளைத் தொடவோ மீட்டர் வைத்துப் பார்க்கவோ கூடாது. முப்பது ஆண்டு வெயில் பட்ட பிளாஸ்டிக் அப்பளம் போல நொறுங்கும். காரை அரை மணி நேரம் வெளியே நிறுத்திப் பிளாஸ்டிக் வெதுவெதுப்பானபின் பிளாஸ்டிக் நெம்புகோலால் கிளிப்புகளை ஒவ்வொன்றாக விடுவியுங்கள். இழுத்து வரவில்லை என்றால் இன்னும் ஒரு திருகு எங்கோ இருக்கிறது. சாம்பல் தட்டின் பின்னால் பாருங்கள். டொயோட்டாவின் பழைய ரேடியோ முகப்பு 200 மில்லிமீட்டர் அகலம், பொதுவாகக் கிடைப்பது 178. இரு பக்கமும் 11 மில்லிமீட்டர் பட்டை வாங்கி நிரப்பலாம், டேஷ்போர்டை அறுக்க வேண்டியதில்லை. பிராக்கெட் திருகு 8 மில்லிமீட்டருக்கு மேல் நீளமாக இருந்தால் உள்ளே உள்ள பாகங்களைக் குத்திவிடும். பின்னால் இடம் குறைவென்றால் சிடி இல்லாத, குட்டையான உடல் கொண்ட ரேடியோவாகப் பார்த்து வாங்குங்கள்.

எல்லாம் முடிந்ததும் சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் மைனஸ் முனைக்கும் கேபிளுக்கும் இடையே மீட்டரை வைத்து மின்னோட்டத்தை அளக்க வேண்டும். சற்று நேரத்தில் அது 50 மில்லிஆம்பியருக்குக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் சிவப்பு வயரும் நிரந்தர மின்சாரத்தில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். காரை எடுக்காமல் வைத்தால் சில நாளில் பேட்டரி இறங்கிவிடும்.

கடையில் காரை விடுபவர்கள் வேலை தொடங்கும் முன்பே, சாக்கெட்டை வெட்டக் கூடாது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பழைய ரேடியோ, பிராக்கெட், திருகுகள் அத்தனையையும் ஒரு பையில் கேட்டு வாங்கி வீட்டில் வையுங்கள். பின்னாளில் காரை வாங்க வருபவர் அவற்றைத்தான் முதலில் கேட்பார். பெல்ட்டும் கெப்பாசிட்டரும் மாற்றி, உள்ளே ஒரு புளூடூத் போர்டும் வைத்தால் அதே பழைய முகப்போடு கைப்பேசிப் பாட்டையும் கேட்கலாம். சாக்கெட் முழுதாக இருந்தால் அந்தப் பழைய ரேடியோவைத் திரும்ப மாட்டப் பத்து நிமிடம் போதும்.

இப்படிக்கு,
கார் வயரிங் தொழிலாளர்கள் இருவர்,
செந்தூல், கோலாலம்பூர்.