அது சங்கராதான், டீச்சர்

அன்புள்ள ஹெச்.எம். டீச்சருக்கு,

இன்று ஆகஸ்ட் 12, நூலகர் தினம். இந்திய நூலக இயலின் தந்தை எஸ்.ஆர். ரங்கநாதன் சீர்காழிக்காரர், கணக்கு வாத்தியாராக இருந்து நூலகர் ஆனவர் என்று வருடா வருடம் பிரேயரில் சொல்வீர்கள். 1931இல் அவர் எழுதிய ஐந்து விதிகளில் முதலாவதையும் சொல்வீர்கள்: நூல்கள் பயன்பாட்டுக்கே. சொல்லிவிட்டு நூலகப் பீரோ சாவியை ஹேண்ட்பேகில் போட்டுக்கொள்வீர்கள்.

பீரோவைக் காலி செய்தாயிற்று. உங்களைக் கேட்கவில்லை. (பள்ளியின் பெயரைப் போடவில்லை. சென்னையில் காசிமேடு மீன்பிடித் துறைமுகப் பக்கம் என்று மட்டும் இருக்கட்டும். இதைப் படிப்பவர்களில் நம் பிள்ளைகளின் அம்மாக்களும் உண்டு.)

பின்வரிசையை நீங்கள் பார்க்காததே நல்லது. இரும்புத் தகட்டை ஒட்டி நின்றதெல்லாம் பூஞ்சை. கடற்காற்றின் ஈரம் மூடிய பீரோவுக்குள் போனால் வெளியேற வழியில்லை. சுவருக்கும் பீரோவுக்கும் ஒரு சாண், தகட்டுக்கும் புத்தகத்துக்கும் இரண்டு விரல் இடம் விட்டிருக்க வேண்டும். பாச்சா உருண்டை பூச்சியைத்தான் விரட்டும், ஈரத்தை என்ன செய்யும்? நடுவில் ஸ்டேப்ளர் பின் அடித்த மெல்லிய புத்தகங்களில் பின் துருப்பிடித்துத் தாளையே அரித்திருக்கிறது. பின்னைக் கழற்றிவிட்டு மடிப்பில் 3 துளை போட்டுத் தைக்கிறோம். நடுத் துளையில் உள்ளிருந்து வெளியே, மேல் துளையில் உள்ளே, அப்படியே இறங்கிக் கீழ்த் துளையில் வெளியே, மறுபடி நடுவில் உள்ளே வந்து முடிச்சு. ஒன்றுக்கு 5 நிமிடம்.

அந்த மீன் புத்தகமும் கிடைத்தது.

‘வஞ்சிரம்’ என்ற அச்சை பென்சிலால் அடித்துவிட்டு ‘சங்கறா’ என்று எழுதினாளே, அந்தப் பக்கம். படத்தில் மீன் சிவப்பு. வஞ்சிரம் எங்கே சிவப்பாக இருக்கும்? ஏலக் கூடைகளுக்கு நடுவில் வளர்ந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளை. ‘றா’வை விட்டால் அவள் எழுதியதில் தப்பே இல்லை. “கவர்மென்ட் புக்குல கிறுக்குவியா?” என்றீர்கள். ரப்பரை எடுத்துக் கொடுத்தது நான். பென்சில் முனையில் இருக்கும் கெட்டி ரப்பர். அவளோ அழுத்தி எழுதியிருந்தாள். தாள் முதலில் பஞ்சாக எழும்பியது, பிறகு கிழிந்தது. அவள் அழவில்லை. புத்தகத்தைப் பார்த்தபடியே, “அது சங்கராதான், டீச்சர்” என்றாள். அதற்கப்புறம் நூலகப் பீரியடில் அவளுக்குக் கடைசி வரிசைதான்.

மன்னிப்புக் கேட்கத்தான் இதை ஆரம்பித்தேன். உங்களிடமா அவளிடமா என்று இன்னும் பிடிபடவில்லை. அது ஆண்டாய்வு வாரம். ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஒன்று குறைந்தால் யார் கைக்காசு போகும் என்று எனக்கும் தெரியும். இதற்கு மேல் இங்கே எழுத முடியாது. ஆனால் ஆய்வுக்கு வந்தவர் அந்தப் பக்கத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லையே, டீச்சர்.

செலோடேப் ஒட்டியதும் நான்தான். வேண்டாம் என்றீர்கள், நான் கேட்கவில்லை. டேப் பழுத்து, பசை கசிந்து எதிர்ப்பக்கத்தையும் பிடித்துக்கொண்டது. பிரித்தால் அந்தப் பக்கத்துச் சுறா படம் பாதி கூடவே வரும். டிஷ்யூ தாளைக் கத்தரியால் வெட்டாமல், ஈர விரலால் கோடு போட்டுக் கிழித்து (ஓரம் நாராக இருந்தால்தான் படியும்), தண்ணீர் விட்ட ஃபெவிகாலை மெல்லிசாகப் பூசி ஒட்டி, இருபுறமும் பிளாஸ்டிக் தாள் வைத்துக் கனம் ஏற்றியிருக்க வேண்டும். பைண்டிங் கடைக்காரர் மைதாப் பசை கொடுத்தார். அதில் பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலந்திருக்கும், அது விஷம். விரலை நக்கிப் பக்கம் திருப்பும் பிள்ளைகளிடம் அதைக் கொடுக்க முடியுமா? திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

புத்தகங்களைத் தொங்கவிடும் கயிறு விஷயத்தில் நீங்கள் சொன்னதே சரி. நைலான் தொய்ந்து, எல்லாப் புத்தகமும் நடுவில் வந்து குவிகிறது. இப்போது பருத்திக் கயிறு, ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் நெஞ்சு உயரம், 2 அடிக்கு ஓர் ஆணி. அரசின் வாசிப்பு இயக்கப் புத்தகங்களை, எளிதிலிருந்து கடினம் வரை நுழை, நட, ஓடு, பற என்று நிலை பிரித்துத் தொங்கவிட்டிருக்கிறோம். ‘பற’ புத்தகங்களைச் சின்னதுகளுக்கு எட்டாமல் மாட்டச் சொன்னீர்கள். மாட்டவில்லை. எடுத்துப் படம் பார்க்கிறார்கள், பார்க்கட்டும்.

வாசித்துக் காட்டுவதில் உங்களை மிஞ்ச ஆளில்லை. ஜன்னல் முதுகுப் பக்கம் இருந்தால் படம் இருட்டு, எதிரே இருந்தால் வழவழத் தாள் கண்ணைக் கூசும் என்று நாற்காலியைப் பக்கவாட்டில் திருப்பிப் போடுவீர்கள். புத்தகத்தைத் தோளுக்குப் பக்கத்தில் பிடித்து அரைவட்டம் முழுக்கக் காட்டுவீர்கள். ‘கௌதாரி’யை ஒருவன் ‘கெ-ள-தாரி’ என்று எழுத்துக்கூட்டியபோது நீங்கள் திருத்தவில்லை. அடுத்த வரியில் நீங்களே ‘கௌதாரி’ என்று நிறுத்திப் படித்துவிட்டு மேலே போனீர்கள். அவன் தானாகவே திரும்பிப் போய்ப் படித்தான். அந்தப் பொறுமையில் கொஞ்சம் அவளுக்கும் வைத்திருக்கலாம்.

ரிஜிஸ்டரில் மீன் புத்தகத்துக்கு நேரே சிவப்பு மையில் ‘சேதம்’ என்று இருக்கிறது, உங்கள் கையெழுத்து. அடிக்கவில்லை. புத்தகம் தைத்துக் கயிற்றில் தொங்குகிறது.

பீரோ லாக்கர் சாவி மட்டும் இன்னும் உங்களிடம் இருக்கிறது. ஞாயிறு பதினொரு மணிக்கு மேல் வருகிறேன். வெளியே போவதாக இருந்தால் பக்கத்து வீட்டில் கொடுத்துவையுங்கள்.