அந்த இடத்தில் ‘இல்லை’ போடாதே

அன்புள்ள கயல்,

நேற்று போனில் நீ கேட்டதற்கு எனக்குப் பதில் வரவில்லை. பிரஸ்ஸில் கட்டிங் மெஷின் சத்தம் என்று சொல்லி வைத்துவிட்டேன். மெஷின் ஓடவே இல்லை. “அமெரிக்கக் கல்லூரி விண்ணப்பத்தில் உதவித்தொகை வேண்டுமா என்று கேட்கிற இடத்தில் ‘இல்லை’ போட்டுவிடலாமா அப்பா, சீட் கிடைக்க வாய்ப்பு கூடுமாம்” என்றாய். ராத்திரி அதே யோசனைதான்.

நீ கேள்விப்பட்டது பொய்யில்லை. வெளிநாட்டுப் பிள்ளையின் பணத்தேவையைப் பார்க்காமல் சேர்க்கிற அமெரிக்கக் கல்லூரிகள் கொஞ்சம்தான். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட், 2022இல் டார்ட்மத், போடன் கல்லூரிகளும் சேர்ந்துகொண்டன, பிரவுன் 2025இல் உள்ளே வந்தவர்களிலிருந்து. இங்கெல்லாம் ‘இல்லை’ போட்டு லாபமே கிடையாது. மற்ற இடங்களில் பெரும்பாலும் நாம் எவ்வளவு கேட்கிறோம் என்பதும் தராசில் ஏறும்.

சரி, ‘இல்லை’ போட்டுச் சேர்ந்தாய் என்று வை. முதலில் கேட்காத வெளிநாட்டுப் பிள்ளைக்குப் பல கல்லூரிகள் அப்புறம் நான்கு வருஷமும் தருவதில்லை. பெரிய தனியார் கல்லூரிகளில் வருஷத்துக்கு 90,000 டாலரும் அதற்கு மேலும்கூட ஆகிறது, நம் பணத்தில் எழுபது லட்சத்துக்கு மேல். மாணவர் விசாவுக்குக் கல்லூரி தருகிற ஐ-20 படிவத்தை வாங்க முதல் வருஷப் பணத்தைக் காட்டினால் போதும் என்பதுதான் எனக்குப் பயம். போன வாரம் பார்த்த ஆலோசகர், “பத்து நாளைக்கு உங்க கணக்குல பணம் போட்டுக் காட்டிடலாம், வட்டி மட்டும் குடுங்க” என்றார். வைத்த டீயைக்கூடத் தொடாமல் எழுந்து வந்தேன். இரண்டாம் வருஷப் பணத்தை யார் கட்டுவார்? வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வேலை பார்த்தால் கைச்செலவுக்கு ஆகும், அவ்வளவுதான். வங்கிக் கடன் ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் பெரும்பாலும் ஈடு கேட்பார்கள். நம்மிடம் ஈடு என்றால் தாத்தா வீடு. அதற்குச் சித்தப்பா கையெழுத்தும் வேண்டும். நான் கேட்க மாட்டேன்.

உதவித்தொகைக்காகக் குடும்பத்தின் வருமானம், சொத்து எல்லாம் கேட்கிற சி.எஸ்.எஸ். படிவத்தை நானே நிரப்ப ஆரம்பித்துவிட்டேன். ரூபாயிலேயே எழுதலாம். வீட்டை எந்த வருஷம், என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்று கேட்கிறது. தாத்தா கல் சுமந்து கட்டிய வீட்டுக்கு என்ன விலை போடுவது? ஆடியிலிருந்து மார்கழி வரை காலண்டர் வேலை, தை பிறந்தால் இங்க் டப்பாவைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம் என்பதையும் விளக்கம் எழுதுகிற இடத்தில் எழுதிவிட்டேன். பெற்றோரால் எவ்வளவு தர முடியும் என்ற இடத்தில் மூன்று லட்சம் போட்டேன். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மா, “நாலு போடுங்க, ஏலச்சீட்டு மார்ச்சில முடியுது” என்றாள். நாலு என்று மாற்றிவிட்டேன். அதற்கு மேல் ஒரு ரூபாய்கூட ஏற்றிச் சொல்ல மாட்டேன், குறைத்தும் சொல்ல மாட்டேன்.

அந்தக் கேள்விக்கு ‘ஆம்’ போடு. அதனால் ஒரு கல்லூரி உன்னை வேண்டாம் என்றால், அது உன் மார்க்கைப் பார்த்துச் சொன்னதாக நினைத்து அழாதே.

ஆடிட்டர் திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். உன் பாஸ்போர்ட்டில் என் பெயர் முழுசாக இருக்கிறதா, இனிஷியல் மட்டுமா என்று பார்த்து ஒரு போட்டோ அனுப்பு. ஹாஸ்டல் சாப்பாடு பிடிக்கவில்லை என்றால் வெளியே சாப்பிடு, கணக்குப் பார்க்காதே.

அன்புடன்,
அப்பா