எல்லைக் கவிதை என்றால் சோகம் மட்டுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சீனத்துத் தாங் வம்ச காலத்து (7-10ஆம் நூற்றாண்டு) எல்லைக் கவிதைகளை, அதாவது நாட்டு எல்லையில் நடந்த போரையும் சிப்பாய்களின் வாழ்வையும் பாடும் கவிதைகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழில் இதையெல்லாம் எழுத ஆள் இருப்பதே சந்தோஷம். ஆனால் கட்டுரையாளர் எல்லாக் கவிதைகளையும் 'போருக்கு எதிரான குரல்' என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டார், அதுதான் எனக்கு ஒப்பவில்லை.

தாங் கவிஞர் வாங் ஹானின் நாலு வரியையே எடுத்துக்கொள்ளுங்கள். இருட்டில் ஒளிரும் கிண்ணத்தில் திராட்சை மது, குடிக்கப் போகும்போதே குதிரை மேலிருந்து பீப்பா என்ற தந்தி வாத்தியம் அவசரப்படுத்துகிறது, போதையில் நான் போர்க்களத்து மணலில் விழுந்து கிடந்தால் சிரிக்காதே, போருக்குப் போனவர்களில் இதுவரை எத்தனை பேர் திரும்பியிருக்கிறார்கள் என்று கேட்டு முடிகிறது. கட்டுரையாளர் கடைசி வரியை மட்டும் பிடித்துக்கொண்டார். 19ஆம் நூற்றாண்டு விமர்சகர் ஷி புஹுவா இதே வரிகளைத் துக்கமாகப் படித்தால் ஆழமில்லை, விளையாட்டுப் பேச்சாகப் படித்தால்தான் அருமை என்று எழுதியிருக்கிறார். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. அந்தச் சிப்பாய் அழுதிருந்தால் பாவம் என்று சொல்லிவிட்டு நாம் அடுத்த பக்கத்துக்குப் போயிருப்போம். அவன் சிரிக்கச் சிரிக்கப் பேசுவதால்தான் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

அப்புறம் இன்னொரு தாங் கவிஞர் வாங் சாங்லிங். சின் காலத்து நிலா, ஹான் காலத்துக் கோட்டைவாசல் என்று தாங்குக்கு முந்தைய வம்சங்களைச் சொல்லித் தொடங்கும் அவருடைய கவிதையைத் தாங் காலத்து நாலடிக் கவிதைகளிலேயே தலையாயது என்று 16ஆம் நூற்றாண்டு விமர்சகர் லி பான்லோங் சொன்னார். லி பான்லோங்கின் நண்பர் வாங் ஷிழென் முதலில் நம்பவில்லை. பிறகு யோசித்து, பொருளை மட்டும் பார்த்தால் வேறு கவிதையைச் சொல்லலாம், விளங்கியும் விளங்காமலும் நிற்கிற இடத்தில் தேடினால் இதுதான் முதல் என்று ஒப்புக்கொண்டார். ரசனை என்றால் இதுவல்லவா! அந்தக் கவிதை போரே வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பழைய காலத்துப் 'பறக்கும் தளபதி' (ஹான் காலத்து வீரர் லி குவாங் என்பார்கள்) இன்று இருந்தால் எதிரிக் குதிரைகள் வடக்கு எல்லையின் யின் மலையைத் தாண்டுமா என்றுதான் கேட்கிறது. இதை எப்படிப் போர் எதிர்ப்பில் சேர்ப்பது?

தாங் கவிஞர் சென் ஷென் பெயர் கட்டுரையில் ஒரே வரியில் வந்து போகிறது, அது பெரிய குறை. ஆன்ஷி, பெய்திங் என்று மேற்கு எல்லையில் வேலை பார்த்து அந்தக் குளிரை நேரில் அனுபவித்தவர் அவர். எட்டாம் மாதமே கொட்டுகிற பனியைப் பார்த்து, ராத்திரியோடு ராத்திரியாக வசந்தக் காற்று வந்து ஆயிரமாயிரம் பேரி மரங்கள் பூத்துவிட்டன என்று எழுதினார். அதில் புலம்பல் எங்கே இருக்கிறது? கண் விரிந்த வியப்புதான் இருக்கிறது. சென் ஷென், அவர் காலத்து இன்னொரு எல்லைக் கவிஞர் காவோ ஷி இருவரிடமும் துயரமும் வீறும் சேர்ந்தே இருப்பதாக 13ஆம் நூற்றாண்டிலேயே விமர்சகர் யான் யூ சொல்லிவிட்டார். கட்டுரையாளர் துயரத்தை எடுத்துக்கொண்டு வீறை விட்டுவிட்டார்.

அடுத்த முறை இந்தக் கவிதைகளைப் போடும்போது, கடைசி வரியை மட்டும் மேற்கோள் காட்டாமல் நாலு வரியையும் முழுசாகப் போடுங்கள். பக்கத்திலேயே பழைய விமர்சகர்களின் சண்டையையும் கொஞ்சம் போட்டால் எங்களுக்கு நல்ல விருந்து.

அன்புடன்,
ஒரு வாசகர்