சின்னம்மா, அது அடக்கம் இல்லை

அன்புள்ள சின்னம்மாவுக்கு,

மோட்டார் சைக்கிளில் வந்த திருடன் தங்கச்சியின் பையைப் பிடுங்கிப் போனதைப் பற்றிப் போனில் நீங்கள் சொன்னதுதான் இன்னும் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. "அந்த மோட்டார்காரன் பையைப் பிடுங்கினதுல ஒரு நல்லது, இப்பல்லாம் வீட்டோட அடக்கமா இருக்கா" என்றீர்கள். அதே மூச்சில், "வாய்தான் நீண்டுபோச்சு, தம்பிகிட்ட எரிஞ்சு விழுறா" என்றும் சொன்னீர்கள். இரண்டும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. தங்கச்சியிடம் கேட்டுக்கொண்டுதான் இதைப் பொதுவில் எழுதுகிறேன். உங்களைப் போல நினைக்கிற அம்மாக்கள் பினாங்குப் பக்கம் பிறையிலும் இருக்கிறார்கள், கோலாலம்பூர் செந்தூலிலும் இருக்கிறார்கள்.

தங்கச்சிக்கு வந்திருப்பது பெரிய அதிர்ச்சிக்குப் பின் வருகிற ஒரு மனநோய் என்று நினைக்கிறேன். பி.டி.எஸ்.டி. என்று 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் இதற்குப் பெயர் வைத்தபோது, வியட்நாம் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள்தான் எல்லார் கண்ணிலும் பட்டார்கள். ஆனால் 1974இலேயே ஆன் பர்ஜெஸ் என்ற செவிலியரும் லிண்டா ஹோம்ஸ்ட்ராம் என்ற சமூகவியலாளரும், அமெரிக்காவில் பாஸ்டன் மருத்துவமனைக்கு வந்த வன்புணர்வுக்கு ஆளான பெண்களைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அழுது நடுங்கியவர்கள் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ஒன்றும் நடக்காததுபோல அமைதியாக உட்கார்ந்திருந்தவர்கள். அந்த இரண்டாவது வகைப் பெண்ணை நம் வீடுகளில் "தைரியசாலி" என்று பாராட்டி விட்டுவிடுவோம். ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்த நோய் ஏறக்குறைய இரண்டு மடங்கு வருகிறது.

தங்கச்சியைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வரவில்லை. பஸ் ஏறுகிற அந்தச் சாலைப் பக்கமே போவதில்லை. கடையில் சாப்பிடப் போனால் வாசலைப் பார்த்த நாற்காலிதான் வேண்டும். ராத்திரி கேட் பூட்டை எழுந்து எழுந்து போய்ப் பார்க்கிறாள். நம் குடியிருப்புக்குள் ஒரு மோட்டார் சத்தம் கேட்டால் கையில் இருப்பது கீழே விழுகிறது. பையன் இப்படி வேலைக்குப் போகாமல் வீட்டில் கிடந்தால் மறுவாரமே எங்காவது அழைத்துக்கொண்டு ஓடியிருப்பீர்கள். பெண் கிடந்தால் நமக்கு நிம்மதியாக இருக்கிறது! அதனால்தான் பெண்களிடம் இது கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. "பையை ரோட்டுப் பக்கம் மாட்டினது என் தப்புதான்" என்று ஓயாமல் சொல்கிறாளே, தன்மேலேயே பழி போட்டுக்கொள்வதும் இந்த நோயின் அடையாளம்தான். அத்தை வந்து "சங்கிலியப் போட்டுக்கிட்டு யாரு போகச் சொன்னா" என்று கேட்டபோது நீங்களும் தலையாட்டினீர்கள். இனி அப்படி யாராவது ஆரம்பித்தால் பேச்சை மாற்றுங்கள். வருகிறவர்களுக்கெல்லாம் கதையை முதலிலிருந்து சொல்லச் சொல்லாதீர்கள்.

கெட்ட கனவு, திடுக்கிடல் எல்லாம் யாருக்கும் முதல் சில வாரம் இருக்கும். பெரும்பாலும் தானாக அடங்கும். ஒரு மாதம் தாண்டியும் அடங்காவிட்டால்தான் மருத்துவர் இந்தப் பெயரைச் சொல்வார். சிலருக்கு ஆறு மாதம் கழித்துக்கூட முழுதாக வெளிப்படும். இவளுக்கு ஒரு மாதம் எப்போதோ தாண்டிவிட்டது.

மாரியம்மன் கோயிலில் கயிறு கட்டினீர்கள், அது அப்படியே இருக்கட்டும். அதோடு அரசாங்க கிளினிக்குக்கும் கூட்டிப் போங்கள். பதிவுக்கு ஒரு வெள்ளிதான். அங்கே கடிதம் வாங்கிக்கொண்டு பொது மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போகலாம். நடந்ததை மெல்ல மெல்லப் பேசிப் பயத்தை இறக்கும் சிகிச்சைதான் இதற்கு முதல் மருந்து. தேவைப்பட்டால் மாத்திரையும் தருவார்கள். அடி உதை வீட்டுக்குள்ளேயே நடக்கிற பெண்களுக்கு 15999 என்ற அரசாங்க உதவித் தொலைபேசி எண்ணும், 1985 முதல் பினாங்கில் இருக்கிற டபிள்யூ.சி.சி. மகளிர் மையமும் உண்டு. உங்கள் பக்கத்து வீட்டுக்காரியை நினைத்துத்தான் இதைச் சேர்க்கிறேன்.

டாக்டரிடம் "தூக்கம் வரல, கேஸ்டிரிக்" என்று மட்டும் சொன்னால் அதற்கு மட்டும் மருந்து எழுதி அனுப்பிவிடுவார். மோட்டார் சம்பவத்தையும் சொல்லச் சொல்லுங்கள். அவளுக்கு வாய் வராவிட்டால், அவளிடம் கேட்டுக்கொண்டு நீங்கள் சொல்லுங்கள். கிளினிக்குக்குப் போகும்போது அந்த பஸ் ஸ்டாப் வழியாக வேண்டாம்; தம்பி காரை எடுத்துக்கொண்டு வரட்டும்.

அன்புடன்,
உங்கள் அக்கா மகள்